வலித்தது இடது கை, பழுது பியானோவில்: கிருஷ்ணகிரி மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியில் பி.காம். படிக்கும் மாணவி, வயது 20. மேடையில் தனித்து வாசிக்கும் பியானோ கலைஞராவது என்று உறுதியாக முடிவெடுத்தவர். அதன் முதல் படியாக லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஏ.டி.சி.எல். என்ற இசை டிப்ளமோவுக்கு, சுமார் 35 நிமிடம் நீளும் கச்சேரி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இடது முன்கையின் மேல்புறம், முழங்கைக்குச் சற்றுக் கீழே எரிச்சல் தொடங்கியது. நவம்பரில் ஸ்கூட்டியின் இடது பிரேக்கைப் பிடித்தாலே வலித்தது. எலும்பு மருத்துவரைப் பார்த்தார்கள், பிசியோதெரபி நடந்தது, ஓய்வும் கொடுத்தார்கள். ஓய்வில் வலி போகும். பியானோ முன் உட்கார்ந்த மூன்றாம் நாள் திரும்பி வரும். டிசம்பர் கடைசிவரை இதே கதைதான்.

கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்று மாதம் போயிற்று. வலியின் வேர் கருவியில் இருந்தது. பெரிய ஊர்களிலிருந்து தள்ளி, சுருதி சேர்க்கும் ட்யூனர் எளிதில் வந்துபோகாத இடத்தில் பியானோ படிக்கும் எவருக்கும் இது நேரலாம். அதனால்தான் இந்த நிகழ்வை விவரமாகப் பதிவு செய்கிறோம். மாணவி யாரென்று தெரியாதிருக்கப் பெயர், தெரு, கல்லூரி ஆகியவற்றை விட்டுவிட்டோம்.

கீபோர்டிலிருந்து பியானோவுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் பிள்ளைகள் மேற்கத்திய இசைக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் தேவாலயக் கீபோர்டு. இந்த மாணவியும் அப்படித்தான். ஞாயிறு பாடகர் குழுவுக்கு வாசித்துப் பழகி, 61 கீ உள்ள கீபோர்டில் எலெக்ட்ரானிக் கீபோர்டு பாடத்திட்டத்தின் கிரேடுகளை முடித்து, பதினாறு வயதில் பியானோ பாடத்திட்டத்துக்கு மாறினார்.

இந்த மாற்றத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கீபோர்டின் கீக்கு அடியில் இருப்பது ஒரு ஸ்பிரிங் அல்லது ரப்பர். விரல் நுனியால் தட்டினாலே ஒலி வரும், கையை எடுத்தால் கீ உடனே துள்ளி மேலே வரும். பியானோவின் கீ ஒரு நெம்புகோல். அதன் மறுமுனையில், கம்பியை அடிக்கும் ஹாமர் வரை மரமும் ஃபெல்ட் எனும் கம்பளித் துணியும் சேர்ந்த பல உறுப்புகள் நகர வேண்டும். விரலால் மட்டும் தள்ளிப் பழகியவர், பியானோவிலும் விரலாலேயே தள்ளுவார். கையின் எடையை இறக்கி வாசிக்கும் பழக்கம் வர ஓரிரண்டு ஆண்டு பிடிக்கும். இந்த மாணவிக்கு வலது கையில் அது வந்துவிட்டது. இடது கை, தேவாலயப் பாடல்களில் கார்டு எனும் சுரக்கூட்டுகளைப் பிடித்தே பழகியதால், பின்தங்கி இருந்தது. கீபோர்டின் கீழ் எல்லை இன்னொரு சிக்கல்: இடது கை ஆழத்துக்கு இறங்கும் இடங்களை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தூக்கி வாசித்தே அவர் பழகியிருந்தார்.

எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி நிரல் இது. பாக் எழுதிய சி மைனர் பிரெலூடும் ஃபியூகும் (‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ முதல் தொகுதி, 1722). பீத்தோவனின் ‘பத்தேத்திக்’ சொனாட்டா, ஓப்பஸ் 13, மூன்று பகுதிகளும். ஷோபானின் டி ஃபிளாட் நாக்டர்ன், ஓப்பஸ் 27 எண் 2. பிராம்ஸின் ஏ மேஜர் இன்டர்மெட்சோ, ஓப்பஸ் 118 எண் 2. இடைவெளி சேர்த்து 34 நிமிடத்துக்குள் அடங்கும். நல்ல தேர்வுதான். ஆனால் பீத்தோவனின் முதல் பகுதியில் ஒரு கண்ணி இருக்கிறது. மெதுவான ‘கிரேவ்’ முன்னுரை முடிந்து வேகம் பிடித்ததும், இடது கை ஒரே சுரத்தின் கீழ், மேல் ஆக்டேவ்களை மாற்றி மாற்றி அதிரவிடும் டிரெமெலோ தொடங்குகிறது. சுண்டுவிரல், கட்டைவிரல், சுண்டுவிரல், கட்டைவிரல் என்று பல பக்கங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. உலகம் முழுக்கப் பியானோ மாணவர்களின் இடது முன்கையை எரியவைக்கும் இடம் இது. ஆகவே வலி வந்தபோது ஆசிரியரும் மருத்துவரும் இந்த டிரெமெலோவைக் காரணமாகப் பார்த்ததில் தவறில்லை. பாதிக் காரணம் அங்கேதான் இருந்தது.

பியானோ வந்ததும் வைத்த இடமும்

இரண்டாம் கையாக வாங்கிய, கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் ஜப்பானிய அப்ரைட் பியானோ, 121 செ.மீ. உயரம், எடை 230 கிலோவுக்குப் பக்கம். பெங்களூரிலிருந்து குட்டி யானையில் ஏற்றி, ஓசூர், சூளகிரி வழியாக நெடுஞ்சாலையில் கொண்டுவந்து, நான்கு ஆட்கள் கயிறு போட்டு இறக்கினார்கள். கோடையில் வந்தது. இறக்கிய மறுநாளே ட்யூன் செய்யச் சொன்னதற்கு விற்றவர் தரப்பு “வரும்போதே ட்யூன் பண்ணித்தான் அனுப்பினோம்” என்று சொல்லிவிட்டதால், அதோடு விட்டுவிட்டார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டு ட்யூனர் யாரும் தொடவில்லை.

வைத்த இடம் முன்னறையின் மேற்குச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பகுதியில் குளியலறை. அப்ரைட்டின் முதுகில்தான் சவுண்ட்போர்டு இருக்கிறது. கம்பிகளின் அதிர்வை ஒலியாகப் பரப்பும், ஸ்புரூஸ் மரத்தின் மெல்லிய பலகை. அது சுவரை ஒட்டி நான்கு விரல் இடைவெளியில் நின்றது. கோடையில் மேற்கு வெயில் சுவரைச் சுட்டது, மழைக்காலத்தில் குளியலறைக் கசிவு அதே சுவரை ஈரமாக்கியது. கோடையில் அறையைக் குளிர்விக்க வைத்த ஏர் கூலர் ஈரக் காற்றை நேராகப் பியானோ மேல் அடித்தது. இந்த ஏர் கூலர் விஷயத்தை நாங்கள் பல வீடுகளில் பார்க்கிறோம். வறண்ட ஊர் என்பதால் கூலர் நன்றாக வேலை செய்கிறது. பியானோவுக்கு அதைப்போலக் கேடு வேறில்லை.

வலியை எப்படிப் பார்த்தார்கள்

மருத்துவர் செய்தது சரியான வரிசை. கழுத்திலிருந்து வரும் நரம்பு வலியா, மணிக்கட்டு நரம்பு நெருக்கமா, கட்டைவிரல் அடித் தசைநாண் அழற்சியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார். இரவில் மரத்துப்போதல் இல்லை, பிடி பலம் குறையவில்லை. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் மட்டும் அழுத்தினால் வலி. அளவுக்கு மீறிய உழைப்பு என்று முடிவு செய்து இரண்டு வார ஓய்வு, மெழுகு ஒத்தடம், பட்டை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். வலி இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக உள்ளே மடங்கினால் அது வேறு நோய்; ஃபோக்கல் டிஸ்டோனியா. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில், புகழின் உச்சியில், வலது கையின் நான்காம் ஐந்தாம் விரல்கள் அப்படி மடங்கத் தொடங்கின. முப்பது ஆண்டுக்கு அவர் இடது கைக்கென்று எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழு நடத்தினார், கற்பித்தார். பின்னர் போடாக்ஸ் ஊசி சிகிச்சைக்குப் பிறகே இரண்டு கைகளாலும் மேடைக்குத் திரும்பினார். அந்த நோயை ஓய்வும் ஒத்தடமும் தீர்க்காது, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மாணவிக்கு அதன் அறிகுறி எதுவும் இல்லை.

மருத்துவர் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கேட்க அவருக்குக் காரணமும் இல்லை. பெங்களூரில் வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டு கிராண்ட் பியானோவில் (கம்பிகள் படுக்கையாக உள்ள பெரிய பியானோ) ஒரு மணி நேரம் இதே சொனாட்டாவை வாசிக்கும்போது வலி வருகிறதா? வரவில்லை. மாணவி இதை ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். “அங்க கொஞ்ச நேரம்தானே வாசிக்கிறே” என்று அது கடந்துபோனது. எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியத் தடயம் அதுதான். ஒரே கை, ஒரே பாடல், ஒரு கருவியில் வலி, இன்னொன்றில் இல்லை.

பத்து ரூபாய் நாணயச் சோதனை

ஜனவரியில் பெங்களூரிலிருந்து வந்த ட்யூனர், வேலையைத் தொடங்கும் முன் நடு ஆக்டேவில் இரண்டு கீகளை மெதுவாக அழுத்தி விட்டுப் பார்த்தார். “கையில ஒண்ணும் இல்லம்மா. இந்தக் கீ மேல வரவே மாட்டேங்குது, நீங்களே பாருங்க” என்றார்.

அவர் செய்த அளவீட்டை வீட்டிலேயே எவரும் செய்யலாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். வலது பெடலை ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பரின் எடை கணக்கில் சேராது. வெள்ளைக் கீயின் முன் விளிம்பிலிருந்து ஒன்றேகால் செ.மீ. உள்ளே நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். கீ தானாக மெல்ல இறங்கத் தொடங்கும் எடை, இறங்கு எடை. பிறகு கீயைப் பாதி ஆழத்துக்கு இறக்கிவிட்டு, நாணயங்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கீ எத்தனை நாணயத்தைச் சுமந்துகொண்டு தானாக மேலே எழுகிறதோ, அது ஏறு எடை.

நல்ல நிலையில் உள்ள கருவியில் இறங்கு எடை 50 முதல் 55 கிராம் வரை, ஏறு எடை 20 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். நாணயக் கணக்கில் ஏழு, மூன்று. இந்தப் பியானோவில், இடது கை டிரெமெலோ விழும் கீழ் இரண்டு ஆக்டேவ்களில் பல கீகளுக்குப் பத்து நாணயம் தேவைப்பட்டது: 77 கிராம். மேலே எழும்போது ஒரே ஒரு நாணயத்தைத்தான் சுமந்தன: 8 கிராம். மூன்று கீகள் அந்த ஒன்றையும் சுமக்கவில்லை.

இரண்டு எண்ணையும் கூட்டிப் பாதியாக்கினால் கீயின் சமநிலை எடை: 42. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாதியாக்கினால் உராய்வு: 34. சமநிலை எடை இயல்பான அளவிலேயே இருக்கிறது. உராய்வு மட்டும் இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு. அதாவது பியானோ கனமான பியானோ அல்ல, இறுகிப்போன பியானோ. வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் கனமான கீயை விரல் பழகிக்கொள்ளும். எழாத கீயை எந்த விரலும் பழகிக்கொள்ள முடியாது.

இறுக்கம் ஏன் இடது முன்கையில் வலியானது

அப்ரைட் பியானோவில் ஒரே சுரத்தை மறுபடி ஒலிக்க, கீ ஏறக்குறைய முழுவதுமாக மேலே வந்தாக வேண்டும். கிராண்டில் அப்படி இல்லை. 1821-இல் எரார் கொண்டுவந்த இரட்டை விடுப்பு அமைப்பால் கீ பாதி எழுந்தாலே ஹாமர் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். டிரெமெலோவில் ஒவ்வொரு கீயும் நொடிக்குப் பல முறை இறங்கி ஏறுகிறது. இறுகிய கீ சொந்தமாக ஏறுவதற்குள் அடுத்த அடிக்கான நேரம் வந்துவிடுகிறது, சுரம் விழுங்கப்படுகிறது. காது அதைக் கேட்கிறது, கை பதில் செய்கிறது: இன்னும் பலமாக அழுத்துவது, இன்னும் உயரமாக விரலைத் தூக்குவது. விரலையும் மணிக்கட்டையும் மேலே தூக்கும் வேலை முன்கையின் மேல்புறத் தசைகளுடையது. வலி வந்த இடமும் அதுவே.

மாணவி உட்கார்ந்த விதம் இதைக் கூட்டியது. வீட்டில் இருந்தது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து 73 செ.மீ.; நாற்காலி 43 செ.மீ. முழங்கை கீயின் மட்டத்துக்குக் கீழே தொங்கியது, கைப்பிடி அதை உடலோடு ஒட்டி அடைத்தது. முன்கையைச் சுழற்ற இடமில்லாத உட்காரலில் டிரெமெலோவை விரலால் மட்டுமே வாசிக்க முடியும்.

பெங்களூர் கிராண்டில் வலிக்காததற்குக் காரணம் இப்போது விளங்கும். அங்கே கீ தானாக வருகிறது, பெஞ்ச் உயரம் சரியாக இருக்கிறது.

பழுது பார்த்த விதம்

முதல் வேலை எது இறுகியிருக்கிறது என்று பிரிப்பது. முன்பலகையைக் கழற்றி, ஹாமரைக் கையால் கம்பி நோக்கித் தள்ளி விட்டால் அது உடனே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் ஹாமர் அசையும் அச்சான செண்டர் பின் இறுகியிருக்கிறது. ஹாமர் திரும்பியும் கீ கீழேயே நின்றால், கீயின் அடியில் பின்னைச் சுற்றியுள்ள துணி புஷிங் ஊதியிருக்கிறது. இங்கே இரண்டும் இருந்தன. கீழ் ஆக்டேவ்களில் கீ புஷிங், நடுவில் செண்டர் பின். சுவரின் ஈரம் தரைப்பக்கமாகத் தங்கியது, கீழ்ச்சுரங்கள் இருந்த இடது முனை குளியலறைக் குழாய்க்கு நேராக இருந்தது. இடது கை மட்டும் வலித்ததற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. இறுகிய சில ஹாமர்களில் யாரோ தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எண்ணெய் துணி புஷிங்கை ஊதவைக்கும், தூசியைப் பிடிக்கும், பின்னோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். கீயின் அசைவை ஹாமருக்குக் கடத்தும் பியானோ ஆக்‌ஷனில் எண்ணெய் என்ற பேச்சே கூடாது. தேங்காய் எண்ணெய், கடையில் விற்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. எண்ணெய் பட்ட செண்டர் பின்களை எடுத்துவிட்டு, புஷிங்கைச் சுத்தம் செய்து, புதிய பின் போட வேண்டியதாயிற்று. பின்னின் தடிமன் 1.27 மி.மீ. அளவில்; மி.மீ.-இல் நூறில் ஒரு பங்கு மாறினாலே ஹாமர் தளர்ந்து ஆடும் அல்லது மறுபடி இறுகும். ஆகவே இது வீட்டு வேலை அல்ல. எண்ணெய் படாதவற்றில் ஆல்கஹாலும் நீரும் கலந்த சொட்டு விட்டு உலரவிட்டதில் துணி சுருங்கிச் சரியாயிற்று. கீ புஷிங்குகளை அதற்கென்று உள்ள தட்டைக் குறடால் ஒவ்வொன்றாக லேசாக அமுக்கித் தளர்த்தினார்.

அடுத்தது ரெகுலேஷன், அதாவது உறுப்புகளின் தூரங்களைச் சீராக்குவது. கீயை அழுத்தத் தொடங்கியும் ஹாமர் அசையாமல் கொஞ்சம் தாமதித்தது. கேப்ஸ்டன் திருகை ஏற்றி அந்த வெற்று ஓட்டத்தை நீக்கினார். கீ இறங்கும் ஆழம் 10 மி.மீ., ஹாமர் கம்பிக்கு 3 மி.மீ. தூரத்தில் விடுபடுவது, ஓய்வில் ஹாமருக்கும் கம்பிக்கும் 45 மி.மீ. என்று அமைத்தார். வேலை முடிந்ததும் மீண்டும் நாணயம் அடுக்கப்பட்டது: இறங்க ஏழு, ஏற மூன்று. உராய்வு 15 கிராமுக்கு வந்துவிட்டது.

பியானோவைக் கிழக்கே உள்சுவருக்கு மாற்றி, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்தார்கள். குளியலறைக் கசிவைக் கொத்தனார் அடைத்தார். ட்யூனிங் அன்றைக்கே செய்யவில்லை. புது இடத்தின் காற்றுக்கு மரம் பழக மூன்று வாரம் விட்டார்கள். அதன்பின் அளந்தபோது நடு ஏ சுரம் 440-க்குப் பதில் 434 ஹெர்ட்ஸில் நின்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளின் மொத்த இழுவிசை 18 டன்னுக்கு மேல். ஒரு பகுதியை ஏற்றினால் இன்னொரு பகுதி இறங்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் தோராயமாக ஏற்றிவிட்டு, உடனே இரண்டாம் சுற்றில் நுணுக்கமாக ட்யூன் செய்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி தட்பவெப்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டு ட்யூனிங் வேண்டும்: கோடை முடிந்து ஒன்று, மழை ஓய்ந்து ஒன்று. ஏர் கூலரை அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி வாங்கிப் பியானோ மேல் வைத்தார்கள். முள் 40-க்கும் 60-க்கும் நடுவே நின்றால் கவலையில்லை. மழை மாதங்களுக்கு அப்ரைட்டின் அடிப்பகுதியில் சிறு வெப்பக்குழாய் பொருத்தி, ஈரம் ஏறினால் மட்டும் எரியும்படி கட்டுப்பாட்டுக் கருவி சேர்த்தார்கள். எலிக்கு அடிப்பலகை ஓட்டையை வலையால் மூடியாயிற்று.

கையைத் திரும்பப் பழக்கியது

கருவி சரியானவுடன் கை சரியாகிவிடவில்லை. மூன்று மாதம் கற்றுக்கொண்ட தவறான தூக்கல் தசையில் பதிந்திருந்தது. உட்காரும் உயரம் முதலில் மாறியது: கைப்பிடியில்லாத பெஞ்ச், மேலே பிளைவுட் வைத்து 49 செ.மீ. வரை ஏற்றியதில் முழங்கை கீயின் மட்டத்துக்குச் சற்று மேலே வந்தது.

முதல் இரண்டு வாரம் சொனாட்டாவின் முதல் பகுதிக்கு விடுப்பு. பாக்கும், சொனாட்டாவின் இரண்டாம் பகுதியும் மட்டும். பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் இடைவெளி. வலி இல்லாத நாளுக்கு மறுநாள் ஐந்து நிமிடம் கூட்டுவது, வலி தலைகாட்டினால் முந்தைய அளவுக்கு இறங்குவது. மூன்றாம் வாரம் டிரெமெலோ. இதன் இயக்கம் பூட்டில் சாவியைத் திருப்புவது போன்றது: முன்கை சுழல்கிறது, விரல்கள் அதில் பயணம் செய்கின்றன. சுண்டுவிரலைக் கீழ்ச்சுரத்தில் எடையின்றி வைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சுழற்சியால் மட்டும் விழவைப்பது முதல் பயிற்சி. பிறகு நான்கு சுரம் வாசித்துக் கையை மடியில் போடுவது. பிறகு எட்டு. ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்று வலது கையால் தொட்டுப் பார்ப்பது. தாளம் காட்டும் மெட்ரோனோம் இரட்டை மாத்திரைக்கு (ஹாஃப் நோட்) நிமிடத்துக்கு 60-இல் தொடங்கி, வாரத்துக்கு எட்டு எட்டாக ஏறியது.

பலர் தவறவிடும் ஒரு விஷயம்: வேகப்பகுதி தொடங்கும் இடத்தில் பீத்தோவன் எழுதியிருப்பது மெல்லிய ஒலி. டிரெமெலோ அடியில் கொதிக்க வேண்டும், மேலே வலது கை ஏற வேண்டும். இடது கை முழு ஆழத்துக்கு இறங்கி இடித்தால் இசையும் கெடும், முன்கையும் கெடும். கட்டைவிரல் எப்போதும் சுண்டுவிரலைவிட லேசாக. முதல் பகுதியில் திரும்ப வாசிக்கக் குறித்திருக்கும் இடத்தை இரண்டாம் முறை வாசிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. கால அளவுக்கும் அதுவே உகந்தது.

விரலைத் தனித்தனியாக வலுப்படுத்தும் ஸ்பிரிங் கருவிகளை வாங்கலாமா என்று பெற்றோர் கேட்டார்கள். வேண்டாம் என்று தடுத்தோம். ராபர்ட் ஷூமான் இருபத்தோரு வயதளவில் வலது கை விரலின் கட்டுப்பாட்டை இழந்து பியானோ மேடையைக் கைவிட்டார். காரணம் பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். அவர் விரல் பயிற்சிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார் என்பது தெரிந்த விஷயம்.

ஏப்ரலில் முதல் பகுதி முழுவதும் வலியின்றி, இரட்டை மாத்திரை 126 வேகத்தில் நின்றது. இன்னும் வேகமாக வாசிப்பவர்கள் உண்டு. தெளிவு இருந்தால் இந்த வேகம் போதும் என்பதே எங்கள் கருத்து.

தெரியாத பியானோ முன்

வீணைக் கலைஞர் தன் வீணையோடு மேடை ஏறுகிறார். பியானோ கலைஞருக்கு அது வாய்ப்பதில்லை. ஹோரோவிட்ஸ் போன்ற மிகச் சிலரே தங்கள் சொந்தப் பியானோவை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் அந்த ஊரில் இருப்பதை வாசிக்கிறார்கள். ஆகவே கருவியைச் சில நிமிடங்களில் அளந்து கையை மாற்றிக்கொள்வது இந்தத் தொழிலின் பாதித் திறமை. கருவியால் கை கெட்ட மாணவிக்கு இதை முறையாகக் கற்றுக்கொடுப்பது அவசியமாயிற்று.

தேர்வு அரங்கின் கிராண்டில் கிடைத்த சில நிமிடங்களை இந்த வரிசையில் செலவிட்டார். பெஞ்ச் உயரம். வலது பெடலை மிக மெல்ல மிதித்து, டாம்பர் எந்த ஆழத்தில் கம்பியை விடுகிறது என்று பிடிப்பது. ஷோபான் முழுவதும் இதில்தான் தொங்குகிறது. இடது பெடல்: அப்ரைட்டில் அது ஹாமர்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவரும், கிராண்டில் ஆக்‌ஷனையே பக்கவாட்டில் நகர்த்தும், ஒலியின் நிறமே மாறும். ஒரு சுரத்தைக் கேட்கும் எல்லையில் மிக மென்மையாகத் திரும்பத் திரும்ப ஒலித்துப் பார்ப்பது. கீழ்ச்சுரங்கள் முழங்குகின்றனவா, மேல்சுரங்கள் கம்மியிருக்கின்றனவா என்று ஒரே கார்டை மூன்று இடத்தில் வாசிப்பது. கடைசியாக டிரெமெலோ நான்கு பார் (தாளச் சுற்று), முழு வேகத்தில், மெல்லிய ஒலியில். வேகமான பத்தியை முழுதாக வாசித்துக் களைப்பது கூடாது.

ஜூனில் தேர்வு முடிந்தது, தேர்ச்சி பெற்றார். இடது கை வலிக்கவில்லை. பிராம்ஸின் நடுப்பகுதியில் நினைவு ஓரிடம் தடுக்கி, இரண்டு பார் தாண்டிப் பிடித்துக்கொண்டார். நினைவிலிருந்து வாசிப்பவர் பாடலின் நடுவே குதிக்கத்தக்க இடங்களை முன்கூட்டியே குறித்து, எந்த இடத்திலிருந்தும் தொடங்கிப் பழகியிருக்க வேண்டும். இந்த நிரலில் பாக்குக்கு அது நடந்திருந்தது, பிராம்ஸுக்கு நடக்கவில்லை.

இனி

முழுநேர மேடைக் கலைஞராக மட்டும் வாழ்வது உலக அளவிலேயே மிகச் சிலருக்குத்தான் அமைகிறது. வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபான் போட்டி போன்றவை முப்பது வயதோடு கதவை மூடிவிடுகின்றன. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் சிறு வயதிலிருந்தே நல்ல பியானோவில் வளர்ந்தவர்கள். பதினாறில் பியானோவுக்கு வந்த ஒருவருக்கு அந்த வழியைக் காட்டுவது நியாயமில்லை, மாணவியிடமும் வீட்டாரிடமும் இதை நேராகவே பேசியிருக்கிறோம். உடன்வாசிப்பு இருக்கிறது: வயலின், வாய்ப்பாட்டுத் தேர்வு எழுதுவோருக்குத் துணையாக வாசிக்க ஆள் தேடி ஓசூரிலும் பெங்களூரிலும் அலைகிறார்கள். சில கருவிகள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசை இருக்கிறது. கற்பித்தலோடு ஆண்டுக்கு மூன்று நான்கு கச்சேரி என்ற வாழ்க்கையை மனநிறைவோடு நடத்துபவர்கள் பலர். பார்த்தவுடன் வாசிக்கும் திறன் இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம்; மாணவி இப்போது தினமும் இருபது நிமிடம் அதற்கு ஒதுக்குகிறார்.

அடுத்த நிலை டிப்ளமோவான எல்.டி.சி.எல். நிரலில் ஷோபானின் சி மைனர் எட்யூட், ஓப்பஸ் 10 எண் 12 சேர்க்கலாமா என்பது பேச்சில் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை இடது கை ஓட்டம். மழையில் கருவி எப்படி நிற்கிறது என்று பார்க்கும்வரை அதைத் தொடங்குவதில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அக்டோபர் இறுதியில் கீழ் இரண்டு ஆக்டேவ்களிலும் கீ இறங்க எட்டு நாணயத்துக்கு மேல் தேவைப்படாமல் இருந்தால், நவம்பரில் முதல் பக்கம். இரட்டை மாத்திரை 40.